சண்முகசுந்தரம் கோவிச்சுக்கலன்னா கதையே இல்ல: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல, பழைய படங்கள "நடிப்பு பிரமாதம், பாட்டு தேன்"னு சொல்லிட்டுப் போயிடாம கதை எப்படிக் கட்டியிருக்காங்கன்னு பாக்கலாமேன்னு, கதைக் கோட்பாடு பத்தி சின்னதா ஒண்ணு எழுதியிருந்தேன். அதுக்கு வந்த கேள்விங்க முக்காவாசி ஒரே படத்துல வந்து நிக்குது, 1968ல ஏ.பி. நாகராஜன் எடுத்த தில்லானா மோகனாம்பாள். நாயனக்காரரு சண்முகசுந்தரம் சிக்கல்காரரு, ஆடறவ மோகனா திருவாரூர்க்காரி, நம்ம பக்கத்து ஆளுங்க வேற எத எழுதுவாங்க? அதனால இந்தத் தடவ முழுக்க இந்தப் படமே இருக்கட்டும்.

கேள்வி: எங்க காலேஜ்ல ஒரு பழைய படத்த எடுத்து ஏதாவது ஒரு கதைத் தியரியப் பொருத்தி ப்ராஜெக்ட் எழுதச் சொன்னாங்க. நான் தில்லானா மோகனாம்பாளும் ப்ராப்போட 31 செயல்களும் எடுத்தேன். பாதி கூட பொருந்தல, பொருந்தறதும் வரிசையா வரல. வேற படம் மாத்திடவா? (கும்பகோணத்துலேர்ந்து ஒரு மாணவி)

மாத்தாதீங்க தங்கச்சி. பொருந்தாத இடத்துலதான் உங்க ப்ராஜெக்டே இருக்கு.

மத்தவங்களுக்கும் புரியணும்ல, அதனால சுருக்கமா சொல்லிடறேன். விளாதிமிர் ப்ராப்னு ஒரு ரஷ்யக்காரர் 1928ல ஒரு புத்தகம் போட்டாரு, ரஷ்ய மாயக்கதைங்கள ஒரு நூறு எடுத்து வெச்சுப் பிரிச்சுப் பாத்து, ஆளுங்க பேரு ஊரு மாறினாலும் அவங்க செய்யற காரியம் மாறல, மொத்தம் 31 காரியம்தான், அதுவும் ஏறக்குறைய ஒரே வரிசைல வருதுன்னாரு. செய்யற ஆளுங்களையும் 7 பங்கா பிரிச்சாரு: வில்லன், பொருள் குடுக்கறவன், உதவறவன், இளவரசியும் அவ அப்பாவும், அனுப்பி வெக்கறவன், ஹீரோ, போலி ஹீரோ. இது மாயக்கதைக்குன்னு செஞ்ச அளவு. அத நாயனக்காரர் கதைக்கு வெச்சா முட்டத்தான் செய்யும், எங்க முட்டுதுன்னு பாருங்க.

முதல்ல பொருந்தற ஒண்ணு. அவரோட பட்டியல்ல 2ஆவது "தடை போடறது", 3ஆவது "தடைய மீறறது". மாயக்கதைல ஒரு பெரியவரு "அந்தக் கதவத் தொறக்காத"ம்பாரு, பையன் தொறப்பான். இங்க என்ன நடக்குது? அழகர்கோயில்ல வாசிச்சுக்கிட்டு இருக்கறப்ப வாணவேடிக்கை சத்தம் குறுக்க வருது, சண்முகசுந்தரம் கோவத்துல வாசிப்ப நிறுத்திடறாரு. அப்புறம் மோகனா ஆட்டத்தப் பாக்க நம்ம செட்டுல யாரும் போவக்கூடாதுன்னு கறாரா சொல்றவரு, கடைசில தானே போய் தூணுக்குப் பின்னாடி நின்னு பாக்கறாரு. தடை போட்டவரும் அவரே, மீறினவரும் அவரே! ரெண்டு ஆளு செய்யவேண்டிய காரியத்த ஒரே ஆளு மனசுக்குள்ள வெச்சு செஞ்சுட்டாரு. கதை எங்க இருந்து கிளம்பப் போகுதுன்னு அந்த ஒரு சீனே சொல்லிடுது, வெளில இருந்து இல்ல, இவரோட வீம்புல இருந்துதான்.

அடுத்தது 25ஆவது, "கஷ்டமான சோதனை". மாயக்கதைல இளவரசியக் கட்டிக்க வர்ற ஹீரோவுக்குத்தான் சோதனை வெப்பாங்க. இங்க சோதனை பொண்ணுக்கு. அவரு நாயனத்துல தில்லானா வாசிக்க வாசிக்க அவ ஈடுகுடுத்து ஆடணும், பட்டமும் அவளுக்குத்தான், படத்துக்கே அந்தப் பட்டம்தானே பேரு. அப்ப ஹீரோ யாரு? ப்ராப் கணக்குப்படி சோதனைல ஜெயிக்கறவதான ஹீரோ? இந்தக் கேள்விய எழுதுங்க, உங்க மேடம் நிமிந்து உக்காருவாங்க. 17ஆவது, "ஹீரோ உடம்புல ஒரு குறி விழறது". அது அப்படியே இருக்கு, போட்டி நடுவுல விஷக்கத்தி வந்து படுது. ஆனா மாயக்கதைல அந்தத் தழும்ப வெச்சு பின்னாடி "இவன்தான் நெஜ ஹீரோ"ன்னு ஊரு அடையாளம் கண்டுக்கும். இங்க அந்தக் காயம் அடையாளத்துக்கு வரல, அந்தக் காயத்த வெச்சுதான் அவ "நலந்தானா"ன்னு கேக்கறா. குறி ஒண்ணுதான், வேலை வேற.

இப்ப வில்லன். வைத்திங்கற பாத்திரத்தத்தான் எல்லாரும் சொல்றாங்க, அதுல நாகேஷ் நடிப்பு அப்படி. ஆனா வைத்திக்கு மோகனா வேணும்னு ஆசை இல்ல, சிங்கபுரம் மைனருக்கும் மதன்பூர் மகாராஜாவுக்கும் கூட்டிக் குடுக்கற தரகுக்காரன் அவன். கத்தி வீசறவன் வேற ஆளு. அம்மா வடிவாம்பா பணக்கார வீட்டுப் பக்கம் சாயறா, அவளக் கெட்டவன்னு ஒரே வார்த்தைல முடிச்சுடக்கூடாது, ஆடற குடும்பங்கள பெரிய மனுஷங்க வெச்சுப் பராமரிச்ச ஒரு காலத்தோட கணக்கு அவ மண்டைல ஓடுது, மெட்ராஸ் மாகாணத்துல பொட்டுக்கட்டற வழக்கத்த, அதாவது பொண்ணுங்கள கோயிலுக்குன்னு நேந்து விடறத, நிறுத்திச் சட்டம் வந்ததே 1947லதான். ஆக வில்லன் பங்கு நாலஞ்சு பேருகிட்ட சிதறிக் கெடக்கு. ஒரு பங்க பல பேரு சேந்து செய்யலாம், ஒரே ஆளு பல பங்கும் செய்யலாம்னு ப்ராப்பே சொல்லியிருக்காரு, அதனால இது தப்பு இல்ல. ஆனா இப்படிச் சிதறினா யாருமே முழு வில்லன் இல்லன்னு ஆயிடுது.

இப்ப ஒரு சோதனை பண்ணிப் பாருங்க. வைத்தி பாத்திரத்தக் கதைலேர்ந்து தூக்கிடுங்க, இவங்க ரெண்டு பேரும் உடனே சேந்துடுவாங்களா? மாட்டாங்க, இவரு வேற ஒண்ணுக்குக் கோவிச்சுக்குவாரு. அதே, சண்முகசுந்தரத்தோட கோவத்தத் தூக்கிடுங்க, "என்னம்மா நடந்துச்சு"ன்னு ஒரு வார்த்த நேரா கேக்கற ஆளா மாத்திடுங்க. மைனர், மகாராஜா, வைத்தி எவன் என்ன பண்ணாலும் கதை அர மணி நேரத்துல முடிஞ்சுரும்! இதத்தான் ப்ராப்போட பட்டியல் புடிக்காது, ஹீரோவே தன் வழில குறுக்க நிக்கற கதைக்கு அதுல எடம் கம்மி. பொருந்தாத 15, 20 செயலயும் வெறுமனே "இல்லை"ன்னு டேபிள் போட்டு விட்டுடாதீங்க, ஏன் இல்லன்னு ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு வரி எழுதுங்க.

கேள்வி: ஐயா, இந்தப் படத்த தியேட்டர்ல பார்த்தவன் நான். அழுதோம், சிரிச்சோம், அது போதாதா? ரஷ்யாக்காரன் கணக்கெல்லாம் போட்டா ரசனை செத்துப் போயிடாதா? (திருவாரூர் வாசகர்)

ஐயா, நீங்க கேக்கறது நியாயமான பயம். ஆனா உங்க ஊர்லயே பாருங்க, கச்சேரில ராகம் தெரியாம கேக்கறவரும் தலையாட்டுவாரு, இது ஆபேரின்னு தெரிஞ்சு கேக்கறவரும் தலையாட்டுவாரு, தெரிஞ்சவருக்கு சுகம் கொறஞ்சு நான் பாத்ததில்ல, எந்த எடத்துல வித்வான் சாகசம் பண்ணாருன்னு கூடுதலா ஒண்ணு புடிபடும், அவ்வளவுதான். நீங்க எந்த எடத்துல அழுதீங்களோ அந்த எடத்த எடுத்துக்கிட்டு, அதுக்கு முந்தி எத்தன சீனா அந்த அழுகைய சேத்து வெச்சாங்கன்னு பாக்கறதுதான் இந்த வேல. நீங்க அழுதது பொய்யாயிடாது. அந்த அழுகைக்காக யாரோ ராத்திரி முழிச்சு உக்காந்து யோசிச்சிருக்காங்க, அவங்களுக்கு நாம செய்யற மரியாதைன்னே நான் நெனைக்கறேன்.

கேள்வி: பாட்டு வந்தா கதை நிக்குதுன்னு சொல்றாங்களே, அப்ப இந்தப் படத்துல பாதி நேரம் கதை நின்னுல்ல கெடக்கும்? (மயிலாடுதுறை)

இதுக்கு ஜெரார் ஜெனெத்துன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் நல்ல அளவுகோல் குடுத்திருக்காரு, 1972ல எழுதுனது. கதைல எவ்வளவு நேரம் போச்சு, அதச் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்துக்கிட்டாங்க, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருன்னாரு. பத்து வருஷத்த ஒரு வரில சொன்னா சுருக்கம், ஒண்ணுமே சொல்லாம தாண்டுனா தாவல், நடக்கறதும் சொல்றதும் ஒரே அளவா போனா அது காட்சி, கதை நகராம வர்ணனை மட்டும் ஓடிச்சுன்னா அது நிறுத்தம். நம்ம சினிமாப் பாட்டுல முக்காவாசி இந்தக் கடைசி வகைன்னு ஒரு பேரு உண்டு, நெறைய படத்துக்கு அது உண்மையும்தான், ஹீரோ ஹீரோயின் மலைல ஓடுவாங்க, திரும்பி வர்றப்ப எல்லாம் விட்ட எடத்துலயே இருக்கும்.

நான் வெச்சிருக்கற சோதனை ரொம்ப சாதாரணம். பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி யாருக்கு என்ன தெரியும், முடிஞ்சப்புறம் யாருக்கு என்ன தெரியும்? ரெண்டும் ஒண்ணுன்னா கதை நின்னுச்சு, மாறியிருந்தா பாட்டே ஒரு சம்பவம்.

"மறைந்திருந்து பார்க்கும் மர்மம் என்ன" எடுத்துக்குங்க. பாட்டுக்கு முன்னாடி, தூணுக்குப் பின்னாடி நிக்கறது யாருக்கும் தெரியாதுன்னு அவரு நெனைச்சுக்கிட்டு இருக்காரு. அவளுக்கு அது தெரிஞ்சுபோச்சு. சபை கேக்கறது சாமி மேல ஒரு பாட்டு, சண்முகான்னு கூப்புடறாளேன்னு பக்தியா கேட்டுக்கிட்டு இருக்காங்க. அவ கூப்புடறது இன்னொரு சண்முகத்த. ஒரே வரி, கேக்கறவங்க ரெண்டு தினுசு, ரெண்டு அர்த்தம். பாட்டு முடியறப்ப தான் மாட்டிக்கிட்டோம்னு அவருக்குத் தெரியும், அது அவருக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியும், நம்மளுக்கோ இது மொத்தமும் தெரியும். அவங்க ரெண்டு பேருக்கும் நடந்த முதல் பேச்சுவார்த்தையே அதுதான், ஒரு வசனம் கெடையாது!

யாரு பேசறாங்கங்கறது ஒரு கேள்வி, யாரு கண்ணு வழியா நாம பாக்கறோம்ங்கறது வேற கேள்வி, ரெண்டையும் கலக்காதீங்கன்னும் ஜெனெத்து சொன்னாரு. அத "நலந்தானா" பாட்டுல வெச்சுப் பாருங்க. கத்திக்குத்துக்கு அப்புறம் நடந்தது எதையும் அவளால நேரா போய்க் கேக்க முடியாது, சுத்தி ஆளுங்க. அவரு தேறி வந்து மேடைல வாசிக்கறப்பதான், ஆடற சாக்குல, உடம்பும் மனசும் சொகந்தானான்னு கேக்கறா. கண்ணதாசன் அந்தப் பாட்டுக்குள்ளயே, இலைமறை காய் மாதிரி யாருக்கும் தெரியாம சொல்லுன்னு எழுதிட்டாரு, அதாவது இந்தப் பாட்டு எப்படி வேல செய்யுதுங்கறத பாட்டே நம்மகிட்ட சொல்லிக்குடுத்துடுது. கண்ணு பட்டதால புண்ணு பட்டதோன்னு அவ கேக்க, அவரால வாய்தொறந்து பதில் சொல்ல முடியாது, வாயில நாயனம் இருக்கு. பதில் நாயனத்துலதான் வரணும், வருது, கண்ணு கலங்க வருது. வாசிச்சது மதுரை சேதுராமன் பொன்னுசாமி சகோதரர்கள், பாடுனது பி. சுசீலா, திரைல தெரியறது சிவாஜியும் பத்மினியும், ஆனா பாக்கறப்ப ரெண்டு பேரு ரகசியமா பேசிக்கறாங்கன்னுதான் தோணும், இசை கே.வி. மகாதேவன். இதப்போய் நிறுத்தம்னு எப்படிச் சொல்றது? அந்தப் பாட்டு இல்லன்னா அவ மனசு அவருக்குத் தெரியற எடமே படத்துல இல்லாமப் போயிடும்.

ஒண்ணு கவனிச்சீங்களா, பேச முடியாத எடத்துல எல்லாம் இவங்க அழகா பேசிக்கறாங்க, பேச வசதி இருக்கற எடத்துலதான் சண்ட வருது.

கேள்வி: கதை நடந்த வரிசை வேற, சொல்ற வரிசை வேறன்னு எழுதியிருந்தீங்க. இந்தப் படத்துல ஃப்ளாஷ்பேக் ஒண்ணும் பெருசா இல்லியே, அப்ப அந்தத் தியரியால என்ன பிரயோஜனம்? (மன்னார்குடி)

வரிசைய மாத்திச் சொல்றதுக்கு நம்ம தமிழ்ல நல்ல உதாரணம் 1954ல எஸ். பாலச்சந்தர் எடுத்த அந்த நாள். பாட்டே இல்லாத படம், ஆரம்பத்துலயே துப்பாக்கி வெடிச்சு ஹீரோ செத்து விழுந்துடறான், அப்புறம் ஒவ்வொருத்தரா விசாரிக்க விசாரிக்க ஒவ்வொருத்தரும் தன் பக்கத்துக் கதையச் சொல்றாங்க. அங்க நம்மள உக்கார வெக்கறது "யாரு, ஏன்"ங்கற கேள்வி.

தில்லானா மோகனாம்பாள் நேர் வரிசைதான். அதுல நம்மள உக்கார வெக்கறது வேற, நம்மளுக்குத் தெரிஞ்சது அவருக்குத் தெரியலியேங்கற தவிப்பு. டேவிட் போர்ட்வெல்னு அமெரிக்காக்காரர் ஒருத்தர் 1985ல சினிமாவுக்குன்னே எழுதுன புத்தகத்துல இந்த அறிவோட வீச்சப் பத்தி சொல்றாரு, படம் பாக்கறவனுக்கு எவ்வளவு தெரியவிடுது, பாத்திரத்துக்கு எவ்வளவு தெரியவிடுதுன்னு அளந்து பாக்கணும்பாரு. வைத்தி என்ன சதி பண்றான்னு நாம பாத்துடறோம், மோகனா எப்படித் துடிக்கறான்னும் பாத்துடறோம், அதனால மதன்பூர் அரண்மனைல இவரு அவளத் தப்பா நெனைக்கறப்ப நம்மளுக்குக் கத்தணும் போல இருக்கு. அந்த விஷயத்த நம்மகிட்டயும் மறைச்சிருந்தா நாமளும் சேந்து அவ மேல சந்தேகப்பட்டிருப்போம், படமே வேற படமாயிருக்கும். வரிசை நேரா இருந்தாலும் தெரியவிடற அளவ மாத்தி மாத்தி வெச்சே இவ்வளவு பண்ணலாம்.

கேள்வி: ரஷ்யா, பிரான்சு, அமெரிக்கா எல்லாம் சரி. தொல்காப்பியம் வெச்சிருக்கற நமக்கு சொந்தமா ஒரு கதைத் தியரி இல்லியா? (திருத்துறைப்பூண்டி, தமிழாசிரியர்)

ஐயா, இந்தக் கேள்விக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்தேன்.

இருக்கு. தொல்காப்பியம் பொருளதிகாரத்துல யாரு பேசலாம், யாருகிட்ட பேசலாம், எந்த சந்தர்ப்பத்துல பேசலாம்னு கூற்று கூற்றா பிரிச்சு வெச்சிருக்கே, அது இவங்க சொல்ற "யாரு பேசறா"ங்கற கேள்விதான். நெலம், பொழுது, அங்க இருக்கற கருப்பொருள், அதுக்கு உரிய உணர்ச்சின்னு ஒண்ண ஒண்ணோட கட்டிப்போட்டது வேற எங்கயும் இந்த அளவுக்கு நான் படிக்கல.

நாம இருக்கறது மருதம், வயலும் வயல் சார்ந்த எடமும். மருதத்துக்கு உரிப்பொருள் என்ன? ஊடல். இந்தப் படம் முழுக்க என்ன நடக்குது? ஊடல்தான்! சண்முகசுந்தரம் கோவிச்சுக்கறாரு, சமாதானம் ஆவறாரு, மறுபடி கோவிச்சுக்கறாரு. ப்ராப் பட்டியல்ல எடம் இல்லாத அந்த ஒண்ணு, நம்ம எலக்கணத்துல ஒரு திணைக்கே உயிரா இருக்கு. மொதல் கேள்வி கேட்ட கும்பகோணம் தங்கச்சி இதயும் படிக்கணும்.

ஆனா அப்படியே பொருந்துதுன்னு சொல்லி முடிச்சுட்டா அதுவும் அரைகுறை வேலதான். சங்கப் பாட்டு மருதத்துல கோவிச்சுக்கறது தலைவி, காரணம் அவன் பரத்தை வீட்டுக்குப் போயிட்டு வர்றான். இங்க கோவிச்சுக்கறது ஆம்பள. சந்தேகம் ஆடற குலத்துப் பொண்ணு மேல. பழைய பாட்டுல எந்த மாதிரிப் பொண்ண வெளில நிறுத்தி "அவளாலதான் இந்தச் சண்ட"ன்னு சொன்னாங்களோ அந்த மாதிரி குடும்பத்துல பொறந்தவள நடுவுல கொண்டாந்து தலைவியா நிறுத்தி, மனசு மாறாதவ இவதான்னு காட்டுது கதை. அப்படியே தலகீழா திருப்பிட்டாங்க. இந்தக் கதைய மொதல்ல பத்திரிகைத் தொடரா எழுதுன கொத்தமங்கலம் சுப்பு தொல்காப்பியத்த எதிர வெச்சுக்கிட்டுதான் எழுதுனாருன்னு நான் சொல்லவரல, இந்த மண்ணுல கதை சொல்றவங்களுக்கு அந்த அமைப்பு ரத்தத்துல கெடக்கு.

இன்னொண்ணு, தொல்காப்பியர் கற்பியல்ல வாயில்கள்னு 12 பேர சொல்றாரு, ஊடல்ல தூது போயி சமாதானம் பண்றவங்க: தோழி, தாய், பார்ப்பான், பாங்கன், பாணன், பாட்டி, இளையர், விருந்தினர், கூத்தர், விறலியர், அறிவர், கண்டோர். இந்தப் பட்டியல கைல வெச்சுக்கிட்டு படத்த ஒரு தடவ பாருங்க. பாணனும் கூத்தரும் விறலியும், அதாவது வாசிக்கறவங்களும் ஆடறவங்களும், அங்க யாரோ ஒரு பெரிய வீட்டுத் தலைவன் தலைவிக்காக வாசல்ல நிக்கற ஆளுங்க. இங்க வாசிக்கறவன்தான் தலைவன், ஆடறவதான் தலைவி, மைனரும் மகாராஜாவும் வெளிலேர்ந்து வந்து கெடுக்கறவங்க. பாங்கன், அதாவது தோழன், எடத்துல தவுல்காரர் கலியுக நந்தி முத்துராக்கு, டி.எஸ். பாலையா. தாய் இருக்கா, ஆனா சேத்து வெக்கறதுக்குப் பதிலா பிரிக்கறா. வைத்தி யாரு? தூது போறத தொழிலா வெச்சிருக்கற, ஆனா சேக்காம விக்கற ஆளு, கெட்டுப்போன வாயில். அவன வில்லன்னு சொல்றதவிட இந்தப் பேரு எவ்வளவு துல்லியமா இருக்கு பாருங்க.

ஊடல் எவ்வளவு நேரம் போகலாம்னு கூட நம்மகிட்ட அளவு இருக்கு. "உப்பமைந் தற்றால் புலவி அதுசிறிது மிக்கற்றால் நீள விடல்", 1302ஆவது குறள். கோவம் சாப்பாட்டுல உப்பு மாதிரி, நீள விட்டா கரிச்சுப் போயிடும். படம் கிட்டத்தட்ட மூணு மணி நேரம், மதன்பூர் வர்றப்ப "இன்னுமா சந்தேகப்படறாரு"ன்னு நம்மளுக்கே சலிப்பு வருதே, அது உப்பு கூடிப்போன எடம்தான்னு என் அபிப்பிராயம். தொடர்கதையா வந்தது அதுக்கு ஒரு காரணம், வாரா வாரம் வாசகரத் தொங்கல்ல விடணும்னா ஒரு ஊடல் தீந்ததும் அடுத்தத ஆரம்பிக்கணும். பக்கத்துல வாரம் ஒண்ணா படிச்சப்ப உறுத்தாதது ஒரே மூச்சுல திரைல பாக்கறப்ப உறுத்துது.

கேள்வி: டிவில போடறப்ப ஜில்ஜில் ரமாமணி சீன வெட்டிட்டாங்க. கதை கெடலயேன்னு வீட்ல சொல்றாங்க, எனக்கு மனசே ஆறல. யாரு சொல்றது சரி? (நன்னிலம்)

உங்க மனசு ஆறாதது சரிதான். ரோலன் பார்த்ங்கற பிரெஞ்சுக்காரரும், அவருக்குப் பின்னாடி 1978ல சீமோர் சாட்மன்ங்கற அமெரிக்காக்காரரும் சம்பவங்கள ரெண்டா பிரிச்சாங்க, எடுத்துட்டா கதை அறுந்துபோற கரு சம்பவம், எடுத்தாலும் கதை ஓடற துணை சம்பவம். கத்திக்குத்து கரு. ரமாமணியா வர்ற மனோரமாவோட நாடகக் கொட்டகை, அவங்க நாயனத்தப் பாத்து வெகுளியா கேக்கற கேள்வி எல்லாம் துணை, வெட்டினா கதைச் சுருக்கத்துல ஓட்டை விழாது. உங்க வீட்டுக்காரங்க அந்த அளவுல சரி.

ஆனா துணைன்னா தேவையில்லாததுன்னு அர்த்தம் இல்ல. கதைய மட்டும் சொல்லணும்னா ஒரு பக்கம் போதும், மீதி ஏன் எடுத்தாங்க? சண்முகசுந்தரம் எல்லார்கிட்டயும் வெறப்பா நிக்கற மனுஷன், ரமாமணி முன்னாடி மட்டும் எளகி நிக்கறாரு. சபை மரியாதை, பட்டம், பொன்னாடை எதுவும் கெடைக்காத ஒரு கொட்டகைக் கலைஞி, ஆனா இவரு வாசிப்புக்கு உருகறா, இவரும் அவள ஒரு கலைஞின்னு மதிச்சுப் பேசறாரு. அந்த சீன் போயிட்டா மிச்சப் படத்துல இவரு வெறும் முன்கோவக்காரர், மோகனா இவருகிட்ட என்னத்தக் கண்டான்னு கேள்வி வந்துரும். ரமாமணி சீன்தான் அதுக்குப் பதில். அப்படிப் பாத்தா அது கருவா துணையா? சாட்மனோட கோடு இந்த எடத்துல அழிஞ்சுபோயிடுது. வெட்டறவங்க கதைச் சுருக்கத்த வெச்சுக்கிட்டு வெட்டறாங்க, அதுதான் எனக்குக் கோவம்.

கேள்வி: எனக்கும் இப்படி எழுதிப் பாக்கணும்னு ஆசை. எங்க ஆரம்பிக்கறது? (பட்டுக்கோட்டை)

தியரி புத்தகத்துலேர்ந்து ஆரம்பிக்காதீங்க. ஒரு சீன் எடுங்க, சத்தத்த அணைச்சு ஒரு தடவ, சத்தத்தோட ஒரு தடவ பாருங்க. பேப்பர்ல மூணு கட்டம் போடுங்க: சீனுக்கு முன்னாடி யாருக்கு என்ன தெரியும், சீன்ல யாரு என்ன செஞ்சாங்க, முடிஞ்சப்புறம் யாருக்கு என்ன புதுசா தெரிஞ்சுது. "யாருக்கு"ங்கறதுல படம் பாக்கற உங்களயும் ஒரு ஆளா சேத்துக்கணும், அத விட்டுட்டுத்தான் நெறைய பேரு எழுதறாங்க. கட்டம் ரொம்பினப்புறம் எந்தத் தியரி தேவைன்னு உங்களுக்கே தெரியும், ஆளுங்க பங்கு கொழப்பமா இருந்தா ப்ராப், நேரம் இழுத்தோ சுருங்கியோ இருந்தா ஜெனெத்து, யாருக்கு எவ்வளவு தெரியுதுன்னு சிக்கல் வந்தா போர்ட்வெல், கோவதாபம்னா கண்ண மூடிக்கிட்டு தொல்காப்பியம்.

பழக ஏத்த சீன் ஒண்ணு சொல்றேன், ரெண்டு செட்டும் ஒரே ரயில்ல போற சீன். இவரும் அவளும் எதிரெதிர உக்காந்து கண்ணால மட்டும் பேசிக்கறாங்க, சுத்தி ரெண்டு பக்கத்து ஆளுங்களும் இருக்காங்க, அம்மாவும் இருக்கா. அந்தப் பெட்டில யாரு யாருக்கு எது தெரியும், யாரு தெரியாத மாதிரி இருக்காங்கன்னு கட்டம் போட்டு ரெண்டு பக்கத்துக்குள்ள எழுதி அனுப்புங்க, நல்லா வந்தத அடுத்த இதழ்ல போடறேன்.